நூற்றுக்கு நூறு பார்வை

என் அக்கா மிருதுளா எந்தப் பரீட்சையிலும் நூற்றுக்கு ஒரு மார்க் குறைந்ததில்லை. இந்தப் பெருமையை எங்கள் வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். கடைசியில் அந்த நூறுதான் அவளைப் பத்து வருடம் ஜெயிலுக்குள் தள்ளப் பார்த்தது.

நடந்தது இதுதான். பெருஞ்சாலைகளில் கார்கள் தாமாகவே ஓடிக்கொள்கிற காலம் இது. ஊர்ச் சாலைகளில் மட்டும் இன்னும் மனிதர்கள்தான் ஓட்டியாக வேண்டும். எங்கள் ஊர் எருமைகள் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் பிடிபடவில்லை. ராசிபுரம் போகிற பழைய சாலையில், பட்டப்பகலில், அக்கா கல்லூரியில் வகுப்பை முடித்துவிட்டுக் காரில் வந்துகொண்டிருந்தாள். இடது ஓரத்தில் மாதேஸ்வரன் என்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார். கோழிப்பண்ணையில் தீவனம் வைக்கிறவர், அறுபதை நெருங்கிய ஆள். காரின் பக்கக் கண்ணாடி சைக்கிளில் தட்டியது. அவர் பள்ளத்தில் விழுந்து, கல்லில் தலை மோதி, அங்கேயே செத்துப்போனார். அக்கா வண்டியை நிறுத்தவே இல்லை. நேராக வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தாள். போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

காரில் இருந்த கேமரா முழுவதையும் படம் பிடித்து வைத்திருந்தது. மாதேஸ்வரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில், பளிச்சென்று தெரிகிறார். தூரத்தில் புள்ளியாக இருந்தபோதே ரோடு வளைந்துவிட்டது. வளைவு தாண்டியதும் அவர் படத்தின் இடது ஓரத்துக்கு வந்துவிட்டார், அப்புறம் நெடுநேரம் அந்த ஓரத்திலேயே இருக்கிறார்.

"ரோடு காலியா இருந்துச்சுடா," என்றாள் அக்கா.

"அக்கா, கேமராவுல ஆள் தெரியறாரு."

"நானும் பாத்தேன். ஆனா அன்னிக்கு அங்க யாரும் இல்ல. புளியமரம் இருந்துச்சு. மரத்துக்குக் கீழ நெழல் இருந்துச்சு. ஆளு இல்ல. டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு, கல்லு தெறிச்சிருக்கும்னு நெனச்சேன். நான் ஏண்டா பொய் சொல்லப்போறேன்?"

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சஞ்சித். நாமக்கல் கோர்ட்டில் வக்கீல். விபத்து வழக்குகள்தான் என் பிழைப்பு. செத்தவன் பக்கம் நின்று வாதாடித்தான் எனக்குப் பழக்கம். இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. 'ரோடு காலியாக இருந்தது' என்று எத்தனையோ பேர் கூண்டில் நின்று என் முகத்துக்கு நேராகப் புளுகியிருக்கிறார்கள். அந்த வரிசையில் என் சொந்த அக்காவும் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதேஸ்வரனின் மனைவி தேன்மொழி முதல் வாய்தாவுக்கே வந்திருந்தார். சண்டை போடவில்லை, அழவில்லை. வராந்தாவில் என்னை நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, ரோட்டுல நாய் கெடந்தாக்கூட ஒதுங்கிப் போறாங்க. எங்க வீட்டுக்காரரு உங்க அக்காளுக்கு அதுக்குங்கூடவா ஆகாமப் போயிட்டாரு?"

அக்கா சிகரத்தில் படித்தவள். எங்கள் ஊரில் எல்லோரும் சிகரத்துக்காரர்களைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள். சிகரம் என்பது வெற்றிச்சிகரம் உறைவிடப் பள்ளி. விடிவதற்குள் எழுப்பி, கண் சொக்குகிற வரை படிக்க வைத்து, டாக்டராகவும் இன்ஜினியராகவும் அச்சடித்து வெளியே தள்ளுகிற தொழிற்சாலை. அங்கே படித்து வந்தவர்கள் கல்யாண வீட்டில் பக்கத்தில் போய் நின்றாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். "வாங்க" என்று ஒரு வார்த்தை வராது. தோளைத் தொட்டால்தான் முழு முகத்தையும் திருப்பி, அட நீங்களா என்பார்கள். படிப்புத் திமிர் என்று ஊர் சொன்னது. சிகரத்துக்காரர்களுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது போலும், யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்விலேயே தோற்று அரசுப் பள்ளிக்குப் போனவன் நான். எனக்கு மட்டும் அந்தத் திமிர் எப்படி வரும்?

உண்மை ஒருநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சல் தாங்காமல் எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, அவளுக்கு இடது பக்கத்தில் வந்து நின்றேன். கையை நீட்டினால் அவள் காதைத் திருகலாம், அவ்வளவு பக்கம். அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, "எங்கடா போயிட்ட? பேசிட்டு இருக்கறப்பவே எந்திரிச்சுப் போறியா?" என்றாள்.

நான் நின்ற இடத்தை விட்டு நகராமல் கேட்டேன்.

"அக்கா, அந்த நாற்காலியவே பாரு. தலையத் திருப்பாத. உனக்கு எடது கைப் பக்கம் என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? செவுரு. பிரிட்ஜ்."

"பிரிட்ஜ் முழுசாத் தெரியுதா?"

"முழுசாத்தான் தெரியுது. ஏண்டா?"

பிரிட்ஜை மறைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கும் பொய் சொல்லவில்லை.

மறுநாளே டாக்டர் பிரணவைப் பார்க்கப் போனேன். ஒளிமுனை கண் மருத்துவமனையின் தலைவர். சிகரத்தில் படித்த முதல் தொகுதி மாணவர். அக்காவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் லேசர் வைத்தது இந்த மருத்துவமனைதான். அக்காவுக்கு மட்டுமா, பள்ளி மொத்தத்துக்கும். வரவேற்பறையில் 'வேலித் திட்டம்: வெள்ளி விழா' என்று பெரிய பலகை வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருவருக்குக்கூட விழித்திரை கழலவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"வெவரமாச் சொல்றேன் சார்," என்று டாக்டர் ஆரம்பித்தார். இந்த மாதிரி விளக்கத்தை நிறையப் பேருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகி இருந்தது அவர் பேச்சு. "விழித்திரைங்கறது கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒட்டியிருக்கற மெல்லிசான ஜவ்வு. எந்நேரமும் புத்தகத்தையே பாத்துட்டு இருந்தா கிட்டப்பார்வை ஏறும், கண்ணு நீளமாகும், ஜவ்வு இழுபடும். ஓரத்துல கிழியும். கிழிசல் வழியா நீர் உள்ள போச்சுன்னா மொத்தமாக் கழண்டுக்கும், பார்வை காலி. அதனால கிழிசலச் சுத்தி லேசர்ல புள்ளி புள்ளியாச் சுட்டு ஒட்ட வைப்போம். இது பழைய வைத்தியம், நல்ல வைத்தியம்."

"எங்க அக்காவுக்குக் கிழிசல் இருந்துச்சா டாக்டர்?"

"இல்ல. ஆனா வந்திருக்கலாமில்ல? எங்க ஸ்கூல்ல ரெண்டு பசங்களுக்குப் பரீட்சை நேரத்துல கிழிஞ்சு போச்சு. ரெண்டு பேருமே ரேங்க் எடுக்க வேண்டிய பசங்க. மேனேஜ்மென்ட் ஆடிப்போயிட்டாங்க. அப்பதான் இந்த வேலி வந்துச்சு. கிழியறதுக்கு முந்தியே, கண்ணோட ஓரம் பூரா வட்டமா ஒரு தழும்பு. அது சாதாரணத் தழும்பு இல்ல. எங்க ஜவ்வு மெலியுதோ அங்க தானாப் போய்ப் படர்ந்து ஒட்டிக்கும்."

ரேங்க் போய்விடுமே என்று பிள்ளைகளின் கண்ணைச் சுட்டிருக்கிறார்கள். பெற்றோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா அம்மாவும்தான்.

"தழும்பு இருக்கற இடத்துல பார்வை உண்டா?"

"அதெப்படிங்க இருக்கும்? ஆனா அது ஓரம்தான சார். ஓரத்துல அப்படி என்ன இருக்குது?"

"படர்றது எப்ப நிக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நின்னிருக்கும்," என்றார்.

"நிக்கலைன்னா? சுத்தி இருந்து நடுவ நோக்கி வந்துட்டே இருந்தா?"

"வந்தா நோயாளி சொல்ல மாட்டாங்களா? ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்ல."

"கறுப்பாத் தெரிஞ்சாத்தான டாக்டர் சொல்லுவாங்க. எங்க அக்காவுக்கு நான் நின்ன எடத்துல பிரிட்ஜ் தெரிஞ்சுது."

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எல்லார் கண்ணிலும் இயற்கையாகவே ஒரு குருட்டுப் புள்ளி உண்டாம். மூளை, சுற்றி இருப்பதை வைத்து அதை நிரப்பிவிடுமாம். பழகின இடமென்றால் பழகின மாதிரியே நிரப்புமாம். இதை அவர் பெருமையாகச் சொன்னார், நோயாளிக்கு எந்த உபத்திரவமும் இல்லை என்பதற்குச் சான்றாக. எதிரில் இருக்கிறவனுக்கு உபத்திரவம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திருடன் வரக்கூடாது என்று வீட்டு ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்துப் பூசினால் திருடன் வரமாட்டான்தான். அதற்கு வெள்ளி விழா கொண்டாடலாமா?

"அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எல்லாருக்கும் பார்வைப் பரப்பு டெஸ்ட் பண்றோம் சார். எல்லாருமே சென்டம். எனக்கும் இதே வேலிதான் போட்டிருக்கு. நானும் சென்டம். நான் தெனமும் ஆபரேஷன் பண்ணலையா?"

கண்ணில் வேலி போட்டவர் கத்தியும் பிடிக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கோர்ட்டில் மனுப் போட்டு, அக்காவுக்கு அந்த டெஸ்ட்டை எடுக்க உத்தரவு வாங்கினேன். அவளுக்கு ஓரப் பார்வை இல்லை என்று நிரூபித்தால் போதும், இடித்துவிட்டு ஓடினாள் என்கிற குற்றம் நிற்காது. கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப் போனேன்.

வெளியே வந்தது சென்டம்.

காருக்குள் வைத்துக் கேட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எதுக்கு அமுக்கின?"

"வெளிச்சம் வந்துச்சு."

"பாத்தியா?"

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "வெளிச்சம் வர்றதுக்கு முந்தி மெஷின்ல டிக்குனு ஒரு சத்தம் வரும். மூணு டிக்குக்கு அமுக்கணும், நாலாவத விட்டுரணும். நாலாவது ஏமாத்து டிக்கு. வெளிச்சம் வராது."

"இத யாரு சொன்னா?"

"ஹாஸ்டல் வார்டன். டெஸ்ட்டுக்கு மொத நாளு எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சு மாடல் டெஸ்ட் வெப்பாங்க. டெஸ்க்கத் தட்டித் தட்டிக் காட்டுவாங்க. சென்டம் வரலைன்னா கடைசி செக்ஷன்ல போட்டுருவாங்கடா. இப்பவும் எங்க பேட்ச் குரூப்புல, டெஸ்ட் வந்தா யாராவது ஞாபகப்படுத்துவாங்க. மெஷின மாத்தினாலும் மொதல்ல போனவன் எண்ணிட்டு வந்து சொல்லிருவான்."

கேட்டீர்களா? இதுதான் இருபத்தைந்து வருட ஆராய்ச்சி. கண் தெரிகிறதா என்று பார்க்கிற டெஸ்ட்டுக்கு டியூஷன் வைத்த ஒரே ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும். தெரிகிறதா தெரியவில்லையா என்கிற கேள்விக்கு இந்தக் கூட்டம் விடை எழுதியிருக்கிறது. அந்த விடையை வைத்து ஒரு டாக்டர் வெளிநாடு போய்ப் பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்.

"அக்கா, இது பரீட்சை இல்ல. பெயிலானாத்தான் நீ வீட்டுக்குப் போக முடியும்."

"எனக்குத் தெரியாதாடா? உள்ள போறப்ப அமுக்கக் கூடாதுன்னுதான் நெனச்சுட்டுப் போனேன். டிக்குனு கேட்டதும் வெரல் நிக்கமாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விட்டுட்டு உக்காந்திருந்தா என்னமோ தப்புப் பண்ற மாதிரியே இருக்குது."

ஒரு மனிதனைக் கொன்றது தெரியாமல் டீ குடித்தவள், ஒரு பட்டனை அமுக்காமல் இருப்பதைத் தப்பு என்று நினைத்து அழுகிறாள். அவளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டத்தான் செய்தேன்.

விசாரணை நாளில் அரசுத் தரப்பு டாக்டர் பிரணவையே சாட்சியாகக் கூட்டி வந்தது. நீதிபதி தூத்துக்குடிக்காரம்மா, எங்கள் ஊர் சிகரங்களில் எல்லாம் ஏறாதவர். அக்காவின் பார்வை நூற்றுக்கு நூறு, அவர் மாதேஸ்வரனைப் பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். டிக்குக் கதையைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். தண்டனைக்குப் பயந்து நல்ல கண்ணைக் குருடு என்கிறார்கள் என்றார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேன்மொழி, ஓரத்தில் நிற்கிறவர் தெரியமாட்டார் என்று நான் சொன்னதையும் அதற்கு டாக்டர் சிரித்ததையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் இல்லாம இங்கயே ஒரு டெஸ்ட் பண்ண முடியுமா டாக்டர்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

"தாராளமா. மெடிக்கல் காலேஜ் பையன்கூடப் பண்ணுவான். எதிர் எதிரா உக்காந்து, ரெண்டு பக்கமும் கைய நீட்டி வெரல அசைக்கணும். எனக்குத் தெரியறப்ப அவங்களுக்கும் தெரியணும். அவ்வளவுதான்."

"அப்ப அளவுகோல் உங்க கண்ணுங்களா?"

"ஆமா. என் கண்ணு நார்மல்."

"எழுதிக்கணும் மேடம்," என்றேன். நீதிபதி தலையை அசைத்தார்.

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். அக்காவும் டாக்டரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்தார்கள். டாக்டர் இரண்டு கைகளையும் விரித்தார். எந்தக் கை அசைகிறது என்று கேட்டார். இடது என்றாள், சரி. வலது என்றாள், சரி. ரெண்டும் என்றாள், அதுவும் சரி. அப்புறம்தான் கவனித்தேன். அவள் டாக்டரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அசைந்தால் தோளில் கோட்டுத் துணி லேசாக இழுபடுகிறது. அதை வைத்து விடை சொல்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் விடுதலை. ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் சரியான விடையைச் சொல்லாமல் அவளால் உயிரோடு இருக்க முடியாது. எனக்கு அவளை அங்கேயே வைத்து அறையலாம் போல இருந்தது.

அப்போது தேன்மொழி பெஞ்சிலிருந்து எழுந்தார். நான் சொல்லி வைத்ததல்ல. யாரும் சொல்லவில்லை. மெல்ல நடந்து வந்தார். டவாலி தடுக்கப் போனபோது நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். தேன்மொழி வந்து அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் பக்கவாட்டில், டாக்டர் நீட்டிய கைக்கு வெகு அருகில் நின்றார். டாக்டரின் விரல் நுனிக்கும் அவர் சேலைத் தலைப்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"ஃபுல் ஃபீல்ட் மேடம்," என்றார் டாக்டர், அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே. "ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுது. எந்தக் குறையும் இல்ல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "டாக்டர், திரும்பாமச் சொல்லுங்க. உங்க பக்கத்துல என்ன இருக்குது?"

"பக்கத்துலயா? வக்கீல் மேசை. ஜன்னல்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"யாராவது நிக்கறாங்களா?"

"இல்லீங்களே."

நீதிபதி அக்காவிடமும் கேட்டார். அக்கா சிறிதும் தயங்காமல், ஜன்னல் இருக்கிறது, யாரும் இல்லை என்றாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பார்த்து எழுத எந்தத் தோளும் இல்லை.

தேன்மொழி பேசினார். சத்தமாகப் பேசவில்லை. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தானுங்க நின்னிருப்பாரு?"

டாக்டர் நாற்காலியோடு துள்ளி விழுந்தார். அக்கா துள்ளவில்லை. குரல் வந்த பக்கம் மெதுவாக முகத்தைத் திருப்பினாள். முழு முகத்தையும் திருப்பினாள், எப்போதும் போல. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்தாள். வழக்கு தொடங்கியதிலிருந்து எத்தனையோ வாய்தாக்களில் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே குனிந்து அழுதாள். முதல்முறையாக மாதேஸ்வரனுக்காக அழுதாள்.

தீர்ப்பு வந்தது. ஓடிப்போன குற்றம் இல்லை என்று விடுதலை. கூடவே நீதிபதி ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு, வேலி போட்ட எல்லோரையும் மறுபடி சோதிக்க வேண்டும், பார்வை இல்லாதவர்களுக்கு லைசென்ஸ் கூடாது என்று அரசுக்கு உத்தரவு போட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அரசு ஒரு ஆணை போட்டது. சோதனையை மெஷினில்தான் எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. யாருடைய ஆலோசனையோ, எனக்கென்ன தெரியும்?

அக்காவை நான்தான் கூட்டிப் போனேன். இந்தமுறை உள்ளே போகுமுன் பட்டனைப் பிடிக்கிற கையை என்னிடம் நீட்டி, கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். அமுக்கினால் உறுத்தும், ஞாபகம் வரும் என்றாள். வெளியே வரும்போது முகம் வெளிறியிருந்தது.

"எத்தன டிக்கு தெரியுமாடா? டிக்கு வந்துட்டே இருக்குது, ஒண்ணுமே தெரியல. இத்தன வருஷமா அந்த மெஷின்ல நான் சும்மா உக்காந்ததே இல்ல. இவ்வளவு இருட்டாவா இருக்குது எனக்கு?"

"சரி விடு. வா, போலாம்."

"குரூப்புல புது டிக்கு போட்டுட்டாங்க," என்றாள். "இப்ப அஞ்சாவதுதான் ஏமாத்து டிக்காம். கோர்ட்டுல நடந்தத எழுதி, யாரும் அமுக்காதீங்கன்னு போட்டேன். என்னைக் குரூப்ப விட்டே தூக்கிட்டாங்க."

எல்லோரும் சென்டம். டாக்டர் பிரணவும் சென்டம். கோர்ட்டில் அன்று கவனம் நோயாளியின் மேல் இருந்ததால் பக்கத்தில் ஆள் வந்தது தெரியவில்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டு மறுபடி கத்தியைப் பிடித்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன? கண்ணைத் திறந்தால் உலகம் முழுசாகத் தெரிகிறது. எதுவும் குறைகிற மாதிரி யாருக்கும் இல்லை. பார்வை இல்லை என்று ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் போகும், வேலை போகும், வீட்டில் பெண் இருந்தால் கல்யாணம் நிற்கும். அதற்கு ஐந்து டிக்கை எண்ணுவது எவ்வளவோ சுலபம். ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடலாமே என்பீர்கள். போட்டேன். விழித்திரை கழன்றதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்புறம் என்ன வழக்கு என்றார்கள்.

வேலித் திட்டத்தின் நீண்டகாலப் பலன் பற்றிப் புதிய அறிக்கையும் வந்துவிட்டது. இத்தனை ஆயிரம் பேரில் தோல்வி ஒன்றே ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒன்று என் அக்கா. லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது எங்கள் ஊரில் கார் ஓட்டாத ஒரே சிகரத்துக்காரி அவள்தான்.

போன வாரம் தேன்மொழி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு நான் எதிர்த்தரப்பு வக்கீல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, கடைசிவரை கேட்டார்.

"அப்ப மத்தவங்க பூராம் வண்டி ஓட்டறாங்களா?"

"ஓட்டறாங்க."

"அவங்க யாருக்கும் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பண்ணைக்கு வேலைக்குப் போகிற நேரம் என்று சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வந்தார். புருஷன் வேலை பார்த்த அதே பண்ணையில் இப்போது அவர் தீவனம் வைக்கிறார். ராசிபுரம் சாலைதான் வழி. ஒரு கார் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று வந்தது. உள்ளே யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தேன்மொழி சாலையில் கால் வைக்கவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி, முள்ளை விலக்கி, சோளக்காட்டு வரப்பில் ஏறி நடந்தார்.